அடைபட்ட ஜெட்டும் அழுக்குப்படாத கைகளும்

ஆயுத பூஜையன்று நம் ஊர்களில் இருசக்கர வாகனங்களுக்குக் கிடைக்கும் மரியாதை வேறெந்த நாளிலும் கிடைப்பதில்லை. கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஒரு சுற்று ஓட்டி வருகிறோம். அதன் பின்னர் அடுத்த ஆயுத பூஜை வரை அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி நம்மில் பெரும்பாலோருக்கு எழுவதேயில்லை. வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் கடையில் விடுகிறோம். அவர் 'கார்ப்ரேட்டர் அடைச்சிருக்கு சார்' என்கிறார். நாம் தலையாட்டுகிறோம். என்ன அடைத்தது, ஏன் அடைத்தது, எதைக் கொண்டு அவர் அதை எடுத்தார் என்று கேட்பதில்லை. இந்தக் கேட்காமையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். கார்ப்ரேட்டரை வீட்டிலேயே கழற்றித் துடைத்துப் பூட்டுவது சிக்கனம் சார்ந்த சிறு விஷயம் என்று தோன்றலாம். அது அறிவு சார்ந்த, சற்றே அரசியலும் சார்ந்த விஷயம் என்பது நம் கருத்து.

இதை ஆர்.கே.பேட்டையை மனத்தில் வைத்து எழுதுகிறோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். திருத்தணி வட்டாரம் 1960இல் தமிழ்நாட்டோடு இணையும்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று நீளும் இந்த வட்டாரத்தில் விசைத்தறியின் ஓசை கேட்காத தெருவைக் காண்பது அரிது. இதே மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. இந்த இரு முனைகளுக்கும் இடையே வாழும் உழைப்பாளிகளின் வாழ்க்கை பெரும்பாலும் பழைய இருசக்கர வண்டிகளின் மேல்தான் ஓடுகிறது. நூல் மூட்டையும் பாவும் ஏற்றிச் செல்லும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்., தந்தை ஓட்டி மகனுக்குக் கொடுத்த ஸ்ப்ளெண்டர், இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கிய ஏதோ ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருளைக் கணினி அளந்து பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன, எக்ஸ்.எல். கூட மாறிவிட்டது. ஆனால் மேற்சொன்ன பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது கார்ப்ரேட்டர்தான்.

கார்ப்ரேட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு. அதன் தத்துவம் மிக எளியது. காற்று செல்லும் குழாய் நடுவில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. 1738இல் பெர்னூலி எழுதிவைத்ததும், 1797இல் வென்சூரி என்ற இத்தாலியர் சோதித்து வெளியிட்டதும் இதைத்தான். அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்கு, கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் தானாக மேலேறித் துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. நம் மாடிகளில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு செய்யும் அதே வேலை. பெட்ரோல் எவ்வளவு மேலேற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு துளை. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வேலை செய்யும் பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் பாதியைக்கூட எட்டாது. ஒரு பாத்திரத் துளையில் மணல் விழுந்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது. ஒரு பொட்டு அழுக்கு போதும், காலை நேரத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அரைமணி நேரம் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமானதும் அல்ல. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு வண்டியை 1950களின் நடுவில் இந்தியாவில் கட்டத் தொடங்கியது திருவொற்றியூரில். ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது 1980இல். 1980களின் நடுவில் ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் கூட்டுறவோடு யூகால் நிறுவனம் தொடங்கப்பட்டு, செங்கல்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் கார்ப்ரேட்டர்களைச் செய்தது. நாட்டின் சாலைகளில் ஓடிய எத்தனையோ கார்ப்ரேட்டர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைகளில் உருவானவை. அவற்றைச் செய்யத் தெரிந்த நிலத்தில், அவற்றைத் திறந்து பார்க்கும் துணிவு மட்டும் ஒரு சிறு கூட்டத்துக்கு உரியதாகச் சுருங்கிப்போனது ஏன்?

நமக்குத் தோன்றும் காரணம் பழையது. கையில் எண்ணெய்க் கறை படுவது படித்தவனுக்கு அழகல்ல என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லி வளர்க்கிறோம். 'படிக்காவிட்டால் மெக்கானிக் கடைக்குத்தான் போவாய்' என்பது தமிழ்க் குடும்பங்களில் புழங்கும் வசவு. ஒரு தொழிலைத் தண்டனையின் பெயராக வைத்துவிட்ட பிறகு அதிலுள்ள அறிவை யார் மதிப்பார்கள்? எந்த வேலை யாருக்கு என்று பிறப்பைக் கொண்டு வகுத்துவைத்த நெடுங்காலப் பழக்கத்தின் எச்சம் இதில் இருக்கிறது என்றே கருதுகிறோம். இலக்கிய வாசகர்களான நாமும் இதற்கு விலக்கல்ல. ஒரு கவிதையில் வரும் படிமத்தைப் பிரித்துப் பிரித்துப் பேசத் தெரிந்த நாம், நான்கு திருகாணியை அவிழ்த்தால் விளங்கிவிடும் ஒரு பொருளை மர்மம் என்று ஒதுக்கி வைக்கிறோம்.

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற நூலை (1974) நம்மில் பலர் படித்திருப்போம். அதில் கதைசொல்லியின் நண்பர் ஒருவர் வருவார். விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டி வைத்திருப்பவர். அதன் கைப்பிடி தளர்ந்துபோக, பீர் குவளையின் தகரத்தை வெட்டி இடைவெளியில் செருகிவிடலாம் என்று கதைசொல்லி சொல்லும்போது, அந்த நண்பர் புண்பட்டுப் போகிறார். தகரம் அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. அவருக்கோ தன் வண்டியின் கௌரவம்தான் கண்ணில் படுகிறது. தமிழில் இந்த நூலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தத்துவத்தைப் பேசுகிறோம், பராமரிப்பை விட்டுவிடுகிறோம். பிர்சிக்குக்கு முன்பே நமக்கு ஓர் உதாரணம் இருந்தது. கோவை மாவட்டத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்தது அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டியதுதான். அவருடைய பிற்காலச் சாதனைகளை மேடைகளில் புகழ்கிறோம். முதலில் கழற்றினார் என்பதைப் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது இதைப் பேசவேண்டிய அவசரம் ஒன்றும் வந்திருக்கிறது. அது பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 2022இல் நாடு முழுவதும் 10 விழுக்காட்டுக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் அறிமுகமானது. 2025இல் அதுவே பொது வழக்கமாகிவிட்டது. கலப்பில்லாத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. இறக்குமதிச் செலவு குறையும், கரும்பும் சோளமும் விளைவிப்போர்க்கு வருவாய் கிடைக்கும், புகை குறையும் என்ற வாதங்களை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி வேறு: இந்த மாற்றத்தின் செலவை யார் சுமக்கிறார்கள்?

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியில், காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. அளவு மீறும்போது எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்குகின்றன. கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடியில்தான் ஜெட்டும் இருக்கிறது. அலுமினியமோ துத்தநாகமோ கலந்த உலோகத்தில் வார்த்த கிண்ணத்தில் வெள்ளைத் தூள் பூக்கிறது. பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் இந்தக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஊதிப்போகின்றன அல்லது வெடிக்கின்றன. பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 மடங்கு போதும். புதிய வண்டியின் கணினி இந்த வேறுபாட்டை உணர்ந்து சரிசெய்துகொள்ளும். கார்ப்ரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையும் என்று மதிப்பிட்டது. புதிய வண்டி வாங்க முடிந்தவர் இதிலிருந்து விலகிவிடலாம். ஆர்.கே.பேட்டையில் கூலிக்கு நெசவு செய்பவர் விலக முடியாது. அவருக்கு உள்ள ஒரே தற்காப்பு, தன் வண்டியின் கார்ப்ரேட்டரைத் தானே கழற்றத் தெரிந்திருப்பது.

ஆகவே, செய்முறையையும் சொல்லிவிடுவது நேர்மை.

முதல் விதி இடத்தைப் பற்றியது. சமையலறையிலோ, விளக்கேற்றிய அறையிலோ, மூடிய இடத்திலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிக்கொள்ளும். வெளியில், நிழலில், பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டும். பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுவது நம் ஊரில் பரவலான பழக்கம். அது நுரையீரலுக்குள் சிறிதளவு போனாலும் உயிருக்கே ஆபத்து. கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகாணி இருக்கிறது. அதைத் தளர்த்தினால் தானே வடியும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள தகர டப்பாவில் பிடித்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, கழற்றும் ஒழுங்கு. பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்தை வடித்த பின் கார்ப்ரேட்டரை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. காற்றுத் திருகாணியை எடுக்குமுன், அதை மெல்ல உள்நோக்கித் திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பிறகே வெளியே எடுக்க வேண்டும். அந்த எண் தொலைந்தால் வண்டி பழைய சீருக்கு வரத் திண்டாடும். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலை மென்மையானது. அளவு பொருந்தாத திருப்புளியை வைத்து முரட்டுத்தனமாகத் திருகினால் தலை வழுக்கிவிடும். மிதவையைத் தாங்கும் சிறு முளையைத் தள்ளி எடுத்ததும் மிதவையும் ஊசியும் கையோடு வரும். ரப்பர் பாகங்கள் அனைத்தையும் கழற்றித் தனியே வைத்த பிறகே கரைப்பான் தெளிக்க வேண்டும்; கரைப்பான் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

மூன்றாவது, துடைக்கும் முறை. காய்ந்த பெட்ரோல் விட்டுச்சென்ற பழுப்புப் பிசினைக் கடைகளில் கிடைக்கும் கார்ப்ரேட்டர் கிளீனர் கரைத்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை ஜெட்டுக்கு, குத்துவிளக்கு தேய்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மருந்தே போதும்: புளிக்கரைசல் அல்லது எலுமிச்சைச் சாறு, சில நிமிடம், பிறகு நல்ல தண்ணீர். ஆனால் இதே புளியில் கார்ப்ரேட்டரின் உடலை ஊறவைத்தால் அமிலம் அந்த உலோகத்தையே அரித்துவிடும். பித்தளைக்கு ஆகும் வைத்தியம் அலுமினியத்துக்கு ஆகாது. வெள்ளைத் தூளை மென்மையான பல்துலக்கியால் தேய்த்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜெட்டின் துளையில் ஊசியையோ ஊக்கையோ விட்டுக் குடைவது நம் தெருக்களில் காணும் பெரும் குற்றம். துளை ஒரு நூலளவு பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகக் குடித்துக்கொண்டே இருக்கும்; யாருக்கும் காரணம் தெரியாது. மின்கம்பியைப் பிரித்தால் கிடைக்கும் ஒற்றைச் செம்பு இழையோ, மீன்பிடிக்கும் நைலான் நரம்போ போதும். பிறகு சைக்கிள் பம்பால் ஒவ்வொரு வழியிலும் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வட்டமாக ஒளி தெரிந்தால் வேலை முடிந்தது.

ஊசி அமரும் இடம் குழிவிழுந்திருந்தாலும், உடலின் சுவர் அரித்து ஓட்டையாகியிருந்தாலும் துடைப்பதால் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். புதிய முறை வண்டிகளின் எரிபொருள் பீய்ச்சியை வீட்டில் தொட வேண்டாம். அதிலுள்ள அழுத்தம் வேறு, கருவிகள் வேறு.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, எல்லோரும் வீட்டில் செய்துகொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது? எல்லோரும் எல்லாவற்றையும் செய்யப்போவதில்லை. ஒருமுறை கழற்றிப் பார்த்தவர் அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது 'ஏதோ சத்தம் வருகிறது' என்று சொல்லமாட்டார். பைலட் ஜெட்டா, ஊசியா என்று கேட்பார். தன் வேலையைப் புரிந்துகொண்ட வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் விரும்புவார். அவர் கேட்கும் கூலி நியாயமானது என்பதும் அப்போதுதான் நமக்கு உறைக்கும். கழற்றத் தெரிந்தவர் அந்தக் கூலிக்குப் பேரம் பேசமாட்டார் என்பது நம் அனுபவம். வண்டி ஓட்டும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். பட்டறையில் பெண் கேட்கும் கேள்விக்கு உடன் வந்த ஆணைப் பார்த்துப் பதில் சொல்லும் வழக்கம் எளிதில் போகாது. ஆனால் அறிந்து கேட்கும் கேள்வியை அப்படித் திசைதிருப்புவது கடினம்.

மற்றொன்று, மின் வண்டிகள் வந்துவிட்டன, கார்ப்ரேட்டர் சாகப்போகும் பொருள், அதை ஏன் கற்க வேண்டும்? ஒரு பொருள் கடையிலிருந்து மறைவதும் வாழ்க்கையிலிருந்து மறைவதும் ஒன்றல்ல. கடையில் மறைந்த வண்டி இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் கிராமங்களை நோக்கி இறங்கி வருகிறது. அங்கே இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அதற்குள் நகரத்துப் பட்டறைகள் இந்த வேலையை மறந்துவிடும். உதிரிபாகம் அரிதாகும். கடைசியாக வண்டியை வைத்திருப்பவர் எல்லோரிலும் ஏழையாக இருப்பார். அறிவுத்துணை அவருக்கே மிகக் குறைவாக இருக்கும். வரப்போகும் கருவிகளோ திறக்கவே முடியாதபடி மூடி வருகின்றன. திறந்து பார்க்கும் பழக்கத்தைக் கார்ப்ரேட்டரோடு சேர்த்துப் புதைத்துவிட்டால், அடுத்த கருவியைத் திறக்கும் உரிமையைக் கேட்கவும் நமக்குத் தோன்றாது.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. பெட்ரோல் நிலையங்களில் எவ்வளவு எத்தனால் கலந்திருக்கிறது என்பதைக் குழாயின் மேலேயே தமிழில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கான, எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வளையத் தொகுப்புகள் சிற்றூர்க் கடைகளிலும் மலிவாகக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், ஆண்டுக்கு ஒரு நாளாவது பழைய கார்ப்ரேட்டர் ஒன்றைப் பிரித்துப் பூட்ட வேண்டும். பெர்னூலியின் விதியைக் கரும்பலகையில் படிப்பதைவிட அது எளிதில் மனத்தில் நிற்கும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம் மொழியில் பெயர் உண்டு: பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது. நெசவாளர் இந்தச் சொற்களைக் கொண்டே பழுதைக் கண்டுபிடிக்கிறார். மகனுக்கும் மகளுக்கும் கற்றுத் தருகிறார். கார்ப்ரேட்டருக்கு அப்படி ஒரு தெளிவான தமிழ் உரைநடை இன்னும் வாய்க்கவில்லை. அகராதிக் கலைச்சொற்களைச் சுமத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெட் ஜெட்டாகவே இருக்கட்டும். ஆர்.கே.பேட்டையில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் திருப்புளியும் மறுகையில் அந்தப் பக்கங்களுமாகப் படித்துச் செய்யக்கூடிய எளிய நூல் ஒன்று வேண்டும். இதைப் படிக்கும் நண்பர்களில் பட்டறை அறிந்தவர்கள் சிலரேனும் இருப்பீர்கள். உங்கள் வண்டியிலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு திருகாணியாக எழுதிப் பாருங்கள்.